உயிருக்கு ஈடு கேட்டவர்கள்: 1855-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் வழிவந்த கணக்கும்

ஒருவனுடைய காலை முறித்தவன் அவனுக்கு ஈடு தரவேண்டும். அவனைக் கொன்றே விட்டவன் எதுவும் தரவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் நிலை இதுவாகவே இருந்தது. 1808-இல் இங்கிலாந்தில் விசாரிக்கப்பட்ட பேக்கர் எதிர் போல்ட்டன் வழக்கு இதற்குச் சான்று. குதிரைவண்டியின் மேற்கூரையில் அமர்ந்து பயணம் செய்த கணவனும் மனைவியும் வண்டி கவிழ்ந்து விழுந்தனர். மனைவி ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து இறந்தாள். கணவனுக்குக் கிடைத்தது 100 பவுண்டு. அத்தொகை அவனுக்கு ஏற்பட்ட காயங்களுக்காகவும், அவள் இறந்த நொடி வரை அவளுடைய துணையை அவன் இழந்திருந்ததற்காகவும் வழங்கப்பட்டது. அந்த நொடிக்குப் பிறகான இழப்பு கணக்கில் ஏறவில்லை. ஒரு மனிதரின் இறப்பை உரிமையியல் நீதிமன்றத்தில் தீங்கென முறையிட இயலாது என்று எல்லன்பரோ பிரபு விதித்தார். அதற்கு முன்தீர்ப்பு எதையும் அவர் சுட்டவில்லை. எனினும் அடுத்த நாற்பது ஆண்டுகள் அவ்விதியே நின்றது.

அதே காலத்தில் வங்காளத்தில் நிலைமை வேறாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று நடத்திவந்த இசுலாமியக் குற்றவியல் முறையில், கொலையுண்டவரின் உறவினர் வழக்கின் மையத்தில் நின்றனர். பழிக்குப் பழி கேட்பதா, 'தியத்' எனப்படும் குருதிப்பணம் பெற்று அமைவதா, மன்னித்துவிடுவதா என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. காரன்வாலிஸ் இதை அநாகரிகம் எனக் கருதினார். கொலைக்குத் தண்டனை தருவது அரசின் வேலை, உறவினரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை என்பது அவருடைய வாதம். 1790-களின் தொடக்கத்தில் வந்த ஒழுங்குமுறைகள் உறவினரின் அந்த உரிமையைப் பறித்தன. இதனால் செல்வந்தர் பணம் கொடுத்துத் தப்பும் வழி அடைபட்டது என்பது உண்மை. ஆனால் மறுபக்கமும் உண்டு. இறந்தவரின் தாயோ மகனோ நீதிமன்றத்தில் தரப்பினர் என்ற நிலையிலிருந்து சாட்சி என்ற நிலைக்கு இறங்கினர். இந்திய வரலாற்றில் உயிருக்கு ஈடு கேட்கும் வழக்கைப் புரிந்துகொள்ள இந்த இறக்கத்தை மனத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் அறுபது ஆண்டுகள் கழித்து உறவினர் மீண்டும் நீதிமன்றத்துக்குள் அழைக்கப்பட்டபோது, வேறொரு வாசல் வழியாக, வேறொரு பெயரில் அழைக்கப்பட்டனர்.

அந்த வாசலைத் திறந்தது இருப்புப்பாதை. இங்கிலாந்தில் தொடர்வண்டி விபத்துகள் பெருகியபின், 1846-இல் காம்ப்பெல் பிரபுவின் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே முதல் பயணிகள் வண்டி ஓடியது. 1854 ஆகஸ்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி புறப்பட்டது. 1855 மார்ச் 27 அன்று அவ்வாண்டின் 13-ஆம் எண் சட்டம் வந்துவிட்டது. பின்னாளில் 'இறப்பு விபத்துகள் சட்டம்' என்று பெயர்பெற்ற இச்சட்டம் மிகச் சிறியது, நான்கே பிரிவுகள். ஒருவரின் தவறான செயலாலோ கவனக்குறைவாலோ இன்னொருவர் இறந்தால், இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளை ஆகியோருக்காக வழக்குத் தொடரலாம் என்று அது கூறியது. பெற்றோர் என்ற சொல்லில் பாட்டன் பாட்டியும், பிள்ளை என்ற சொல்லில் பேரப்பிள்ளைகளும் மாற்றான் பிள்ளைகளும் அடங்குவர். உடன்பிறந்தார் அடங்கார். கூட்டுக்குடும்பமே நியதியாக இருந்த நாட்டில், தமையனின் உழைப்பில் வாழ்ந்த தங்கைக்கும் தம்பிக்கும் இச்சட்டத்தில் இடமில்லாமற்போனது. சட்டத்தை எழுதியவர்கள் இங்கிலாந்தின் பட்டியலைப் பெயர்த்தெடுத்தார்களேயன்றி இந்திய வீட்டை எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதைவிட ஆழமான சிக்கல் அளவுகோலில் இருந்தது. இறப்பினால் தரப்பினருக்கு ஏற்பட்ட இழப்புக்குத் தக்கவாறு நீதிமன்றம் ஈட்டுத்தொகை வழங்கலாம் என்பதே சட்டத்தின் சாரம். இழப்பு என்றால் எது? 1852-இலேயே இங்கிலாந்தின் நீதிமன்றம் பிளேக் எதிர் மிட்லண்ட் ரயில்வே வழக்கில் இதற்கு விடை சொல்லியிருந்தது: பண இழப்பு மட்டுமே, துயரத்துக்கு ஈடு கிடையாது. இந்திய நீதிமன்றங்களும் அவ்வழியே நடந்தன. ஆகவே வழக்கின் மையக் கேள்வி, 'இறந்தவர் யார்?' என்பதாகவோ 'கொன்றது எது?' என்பதாகவோ அமையவில்லை. 'அவர் மாதம் எவ்வளவு கொண்டுவந்தார்?' என்பதாக அமைந்தது. குருதிப்பணம் கேட்கும் உரிமை பெற்றிருந்த உறவினர், வருமானம் இழந்த சார்ந்தோராகத் திரும்பி வந்தனர்.

சட்டம் இருந்ததே தவிர, அதைப் பயன்படுத்துவது எளிதாக இல்லை. கேட்கும் தொகையின் அளவுக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும். 1908-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கொடுத்த அவகாசம் ஓராண்டு. 1963-இல்தான் அது இரண்டாண்டாயிற்று. எதிர்த்தரப்பின் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் பொறுப்போ வழக்குத் தொடுத்தவர் தலையில் இருந்தது. 1947 செப்டம்பரில் பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே ஒரு பேருந்து விபத்துக்குள்ளாகி ஒரு பயணி இறந்தார். அவருடைய குடும்பம் தொடுத்த வழக்கு, 1961-இல் கோபால்டு மோட்டார் சர்வீஸ் எதிர் வேலுசாமி என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. குடும்பத்தின் இழப்பு வேறு, இறந்தவரின் சொத்துக்கு நேர்ந்த இழப்பு வேறு, ஒரே தொகையை இரண்டிலும் எண்ணக்கூடாது என்று நீதிபதி சுப்பா ராவ் வகுத்த இலக்கணத்தைச் சட்டக்கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். விபத்துக்கும் அவ்விலக்கணத்துக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

தில்லி சாந்தினி சௌக்கில் நகர மன்றத்துக்கு எதிரே நின்ற மணிக்கூண்டு 1951-இல் இடிந்து விழுந்தது. கடைவீதியில் சென்றவர்கள் மாண்டனர். இறந்த மூவரின் வாரிசுகள் தொடுத்த வழக்குகளில், வெளியில் தெரியாத குறைபாட்டால் கட்டடம் விழுந்தது என்பதே நகராட்சியின் எதிர்வாதம். கட்டடத்தின் வயது எண்பது. அதன் காரைக்கு வழக்கமாக உள்ள ஆயுள் நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகள் என்று சாட்சியம் வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் கட்டடத்தைக் காலந்தோறும் சோதித்துப் பார்ப்பது உரிமையாளரின் கடமை, குறைபாடு கண்ணுக்குத் தெரியவில்லை என்பது விடையாகாது என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நிகழ்ச்சியே கவனக்குறைவுக்குச் சான்று என்னும் கோட்பாடு அங்கே ஆளப்பட்டது. சுபாகவந்தி என்னும் கைம்பெண்ணின் பெயரில் அறியப்படும் இத்தீர்ப்பில் கவனிக்க வேண்டியது தொகையை அன்று. காரை உதிர்ந்து போயிருந்தது, சோதனை நடக்கவில்லை என்னும் உண்மைகள் அரசாணையாலன்றி ஈட்டு வழக்கால் பதிவாயின. துயரத்தைக் கேட்க மறுத்த சட்டத்திடம், குடும்பங்கள் துயரத்துக்குக் காரணம் யார் என்று கேட்டு வாங்கின. அடுத்த அரை நூற்றாண்டின் பெரிய வழக்குகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இப்படித்தான் நடந்தன.

எதிரே நிற்பது அரசாக இருந்தால் வேறொரு சுவர் இருந்தது. 1861-இல் கல்கத்தா நீதிமன்றத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தின் குதிரை காயம்பட்ட வழக்கில், இறைமைச் செயலுக்கு அரசு பொறுப்பாகாது, வணிகம் போன்ற செயலுக்கு மட்டுமே பொறுப்பாகும் என்ற வேறுபாடு பிறந்தது. குதிரைக்குப் பிறந்த அந்த வேறுபாடு, குடியரசான பின்னும் மனிதரைத் தொடர்ந்தது. 1952-இல் உதய்பூரில் ஆட்சியரின் ஜீப் பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து திரும்பும்போது ஒரு பாதசாரியின் மீது மோதியது. மூன்று நாளில் அவர் இறந்தார். அவருடைய மனைவி வித்யாவதியும் சிறுவயது மகளும் தொடுத்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் ஓட்டுநர் மட்டுமே பொறுப்பு என்றது. உயர் நீதிமன்றம் அரசும் 15,000 ரூபாய் தரவேண்டும் என்றது. 1962-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் மூன்றே ஆண்டுகளில், கஸ்தூரிலால் வழக்கில், மீரட் காவல் நிலையத்தில் பறிமுதலான தங்கத்தைத் தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு ஓடியதற்கு அரசு பொறுப்பல்ல என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. காவல் துறையின் கைது அதிகாரம் இறைமை சார்ந்தது என்பது காரணம். சட்டம் இயற்றித் தெளிவுபடுத்துமாறு நீதிமன்றமே கேட்டது. அதற்கு முன்பே 1956-இல் சட்ட ஆணையத்தின் முதல் அறிக்கை அதைத்தான் பரிந்துரைத்திருந்தது. 1960-களில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் காலாவதியாயின. அரசின் தீங்குப் பொறுப்பு குறித்த பொதுச் சட்டம் இன்றுவரை இல்லை.

இச்சுவரை உடைத்தது ஒரு தாயின் கடிதம். ஒடிசாவின் சுந்தர்கட் மாவட்டத்தில் ஜெரைகேலா காவல் புறக்காவல் நிலையத்துக்கு 1987 டிசம்பர் 1 காலையில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் திருட்டு வழக்கு விசாரணைக்காகக் கொண்டுசெல்லப்பட்டார். அன்றிரவு அவருடைய தாய் நீலாபதி பெஹரா புறக்காவல் நிலையத்துக்கு உணவு கொண்டுபோனார், மகன் உண்டார். மறுநாள் அருகிலிருந்த இருப்புப்பாதையில் அவருடைய உடல் கிடந்தது. காவலர்களின் விளக்கம் இது: கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு விடியுமுன் தப்பினார், ஓடும் வண்டியில் அடிபட்டு இறந்தார்.

1988 செப்டம்பர் 14 அன்று நீலாபதி பெஹரா உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதை அரசமைப்பின் 32-ஆம் உறுப்பின் கீழ் ரிட் மனுவாக ஏற்றது. கட்டணம் கேட்கவில்லை, மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகுமாறு திருப்பியனுப்பவும் இல்லை. உண்மை அறிய மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்கப் பணித்தது. உடலில் இருந்த காயங்கள் தடி போன்ற பொருளால் ஏற்பட்டவை, வண்டி மோதி ஏற்பட்டவை அல்ல என்று மருத்துவச் சாட்சியம் காட்டியது. கைதி தப்பியோடினார் என்று சொன்ன காவலர்கள் அவரைத் தேடியதற்கான தடயம் எதுவும் இல்லை. கயிற்றைக் கடித்த கதை அங்கேயே உதிர்ந்தது.

1993 மார்ச் 24 அன்று வந்த தீர்ப்பில் நீதிபதி ஜே. எஸ். வர்மா ஒரு புதிய நிலைப்பாட்டை நிறுவினார். வாழும் உரிமை மீறப்பட்டதற்கு அரசமைப்பின்படி கேட்கப்படும் ஈடு, தீங்கியல் சட்டப்படி கேட்கப்படும் ஈட்டிலிருந்து வேறானது. அதற்கு இறைமைக் காப்பு பொருந்தாது. 1983-இல் ருதுல் சா வழக்கிலும், 1984-இல் மணிப்பூரில் இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத இருவரின் மனைவியருக்குத் தலா ஒரு லட்சம் வழங்கிய ஹோங்ரே வழக்கிலும், 1990-இல் காவலர் தாக்கி இறந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தாய்க்கு 75,000 வழங்கிய சஹேலி வழக்கிலும் நீதிமன்றம் ஈடு தந்திருந்தது. ஆனால் எந்தக் கோட்பாட்டின்படி என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. நீலாபதி பெஹரா வழக்கு அதைச் சொன்னது. இந்தியச் சட்ட வரலாற்றில் காவல் மரணத்துக்கு எதிராகக் குடும்பங்கள் பெற்ற கருவிகளில் இதற்கு இணையாக வேறொன்றைக் காட்டுவது கடினம்.

ஆனால் தொகையை நிர்ணயிக்க வேண்டிய இடம் வந்ததும் பழைய கேள்வி திரும்பிவந்தது. இறந்தவருடைய மாத வருமானம் என்ன? 1,200 முதல் 1,500 ரூபாய் வரை என்று தாயின் சாட்சியம். அதன் அடிப்படையில் 1,50,000 ரூபாய் வழங்கப்பட்டது. மீறப்பட்டது வாழும் உரிமை; அளக்கப்பட்டதோ கூலி. அரசமைப்பு வழங்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றே என்றால், அதை மீறியதற்கான ஈடு கூலிக்குத் தக மாறுவது ஏன்? இக்கேள்வியைத் தீர்ப்பு எழுப்பவில்லை.

இதற்கிடையே போபாலில், குடும்பங்களிடமிருந்த வழக்குரிமையே மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டது. 1984 டிசம்பர் 2-3 இரவின் நச்சுவாயுக் கசிவுக்குப் பின், 1985-இன் கோரிக்கைச் சட்டம் பாதிக்கப்பட்டோர் சார்பில் வழக்கு நடத்தும் தனியுரிமையை நடுவண் அரசுக்கு வழங்கியது. அரசு நியூயார்க்கில் தொடுத்த வழக்கை நீதிபதி கீனன் 1986 மே மாதம் இந்தியாவுக்குத் திருப்பினார். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு உடன்பாடு முடிந்தது. இறந்தோர் சுமார் மூவாயிரம் என்ற மதிப்பீட்டின் மேல் அது எழுப்பப்பட்டிருந்தது. எவருடைய பெயரால் உடன்பாடு முடிந்ததோ, அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சட்டம் செல்லும் என்று தீர்த்த உச்ச நீதிமன்றமே, பாதிக்கப்பட்டோரை முன்கூட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் உடன்பாட்டைக் கலைக்கவில்லை. கூடுதல் தொகை கேட்டு அரசு கொண்டுவந்த சீராய்வு மனுவும் 2023 மார்ச்சில் தள்ளுபடியானது. 1790-களின் ஒழுங்குமுறைக்கும் 1985-இன் சட்டத்துக்கும் நேர்த்தொடர்பு ஒன்றுமில்லை. ஆயினும் இரண்டிலும் உறவினரின் இடத்தில் அரசு வந்து அமர்ந்தது. இரண்டிலும் அவர்கள் நன்மைக்காகவே என்று சொல்லப்பட்டது.

ஜாம்ஷெட்பூரில் 1989 மார்ச் 3 அன்று நிறுவனர் நாள் விழாப் பந்தலில் தீப்பற்றி அறுபது பேர் இறந்தனர். பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும். அதாவது, சம்பளச் சீட்டு இல்லாதவர்கள். வருமானத்தையே அளவுகோலாகக் கொண்ட சட்டம் இங்கே என்ன செய்யும்? தன் இரு குழந்தைகளையும் பெற்றோரையும் இழந்த லதா வாத்வா உச்ச நீதிமன்றம் சென்றார். ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் கணக்கிட்ட தொகைகளை 2001-இல் நீதிமன்றம் உயர்த்தியது. 34 முதல் 59 வயது வரையிலான இல்லத்தரசியரின் பணி மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதைக் கடந்த மூதாட்டியருக்கு ஆண்டுக்கு 20,000. குழந்தைகளின் கணக்கு இன்னும் வியப்பானது. தொழிலாளியின் பிள்ளைகளில் ஒருவருக்கு ஆலையில் வேலை கிடைக்கும் வழக்கம் இருந்ததால், உயிரோடிருந்தால் அவர்கள் ஈட்டியிருக்கக்கூடிய சம்பளத்தை எண்ணி, வளர்ந்த பிள்ளைகளுக்கான ஆண்டு மதிப்பு 12,000-லிருந்து 24,000 ஆக்கப்பட்டது. நீதிபதிகளின் நோக்கம் பரிவு என்பதில் ஐயமில்லை, தொகை உயர்ந்தது. ஆனால் அந்தப் பரிவு வெளிப்படுவதற்கே, பள்ளிச் சிறுவன் ஒருவனை வருங்கால ஆலைத் தொழிலாளியாகக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது.

தில்லி உப்ஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் மூச்சுத்திணறி இறந்தனர். தரைத்தளத்து மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை மாடிக்கு ஏறியது. அங்கே கூடுதல் இருக்கைகளும் தனியறை ஒன்றும் வெளியேறும் வழிகளைக் குறுக்கியிருந்தன. இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தி இணையர் முன்னின்று பாதிக்கப்பட்டோர் சங்கம் அமைத்து, குற்றவியல் வழக்கோடு தில்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவையும் நடத்தினர். 2003 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், இருபது வயதுக்கு மேற்பட்டோருக்கு 18 லட்சம், மற்றவர்களுக்கு 15 லட்சம் என்று விதித்தது. திரையரங்கினர் இரண்டரைக் கோடி தண்ட ஈடும் தரவேண்டும் என்றது.

அந்தப் பதினெட்டு லட்சம் எப்படி வந்தது என்பதைப் பார்க்கவேண்டும். மாடியில் அமர்ந்து படம் பார்ப்பவருக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய் வருமானம் இருக்கும் என்று உயர் நீதிமன்றம் ஊகித்தது. ஆண்டுக்கு 1,80,000. அதில் சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 1,20,000. பெருக்கெண் 15. ஆக 18 லட்சம். அதாவது உயிரின் விலை நுழைவுச்சீட்டின் விலையிலிருந்து உய்த்துணரப்பட்டது. 2011 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வூகத்தை ஏற்கவில்லை. சீட்டு வாங்கியவர் எல்லோரும் அவ்வளவு ஈட்டினர் என்பதற்குச் சான்றில்லை என்றது. தர்க்கம் சரியே. ஆனால் விளைவு, தொகைகள் 10 லட்சமாகவும் 7.5 லட்சமாகவும் குறைந்தன. தண்ட ஈடு இரண்டரைக் கோடியிலிருந்து 25 லட்சமாயிற்று. மாநகராட்சியும் உரிமம் வழங்கிய காவல் துறையும் பொறுப்பிலிருந்து விடுபட்டன. கூடுதல் வேண்டுவோர் வருமானச் சான்றுகளோடு உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம் என்றும் சொல்லப்பட்டது. தீ நடந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

மோட்டார் வாகன வழக்குகளின் பாதை சற்றே வேறுபட்டது. 1956-இன் திருத்தம் வழி வகுத்த தீர்ப்பாயங்கள் குடும்பங்களின் செலவையும் அலைச்சலையும் குறைத்தன. 'சட்டப்படியான பிரதிநிதி' என்ற சொல் அங்கே ஆளப்பட்டதால், 1987-இல் குஜராத் போக்குவரத்துக் கழக வழக்கில் நீதிபதி வெங்கடராமையா, பதினான்கு வயதுச் சிறுவனின் உடன்பிறந்தார் ஈடு கேட்கலாம் என்று தீர்த்தார். 1855-இன் பட்டியல் விட்டுவிட்ட அண்ணன் தம்பியர் 132 ஆண்டுகள் கழித்து, சாலை விபத்துக்கு மட்டும், உள்ளே வந்தனர். 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு வயதுக்கேற்ற பெருக்கெண் அட்டவணையைத் தந்து, நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் மாறிய தொகைகளை ஒழுங்குபடுத்தியது.

ஆனால் வருமானமற்ற மனைவியின் இறப்பை அவ்வட்டவணையில் எங்கே வைப்பது? 1994-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, உயிரோடிருக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றது. ஒரே வேலையைச் செய்த இரு பெண்களில், எழுத்தர் மனைவியின் உயிர் அதிகாரி மனைவியின் உயிரைவிட மலிவாயிற்று. 2010-இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் நீதிபதி கங்குலி வேறொரு அரசு ஆவணத்தைத் திறந்து காட்டினார். 2001-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசியரைப் பிச்சைக்காரர், கைதிகள் ஆகியோரோடு உழைக்காதோர் வரிசையில் வைத்திருந்தது. நீதிமன்றத்தின் கணக்கு தனியே பிறழ்ந்ததன்று. அரசின் கணக்கேட்டிலிருந்தே வந்தது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கு வந்தது. பெற்றோர் இருவரையும் 2014-இல் தில்லியில் ஒரே விபத்தில் இழந்த இரு சிறுமிகளின் வழக்கு அது. தீர்ப்பாயம் தந்த ஏறத்தாழ 40 லட்சத்தை உயர் நீதிமன்றம் 22 லட்சமாகக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 33.20 லட்சமாக்கியது. நீதிபதி இரமணா தம் தனித் தீர்ப்பில், பெண்கள் ஊதியமில்லா வீட்டுப்பணியில் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கூறும் 2019-இன் காலப்பயன்பாட்டு ஆய்வை எடுத்தாண்டார். வருமானத்தின் இடத்தில் உழைப்பு வந்து நின்றது. அதுவும் ஒரு கணக்குதான்; ஆனால் கணவனின் சம்பளத்தைக் கேட்காத கணக்கு.

சம்பளத்தையே கேட்காத தொகை ஒன்றும் உண்டு. 2014 மார்ச் 27 அன்று, தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், 1993 முதல் சாக்கடையிலும் கழிவுத்தொட்டியிலும் இறங்கி மாண்ட ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தருமாறு ஆணையிட்டது. 1855-இன் சட்டம் கையொப்பமான அதே தேதி, தற்செயல்தான். இங்கே வயதில்லை, பெருக்கெண்ணில்லை, கழிவில்லை. கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டியதுமில்லை. அக்குழிக்குள் ஒரு மனிதர் இறக்கப்பட்டதே தவறு என்பது அதன் அடிப்படை. பழைய முறையில் கணக்கிட்டிருந்தால், நாட்கூலிக்கு இறங்கியவரின் உயிருக்கு அத்தொகை பெரும்பாலும் வந்திராது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

அத்தொகையைப் பெறக் குடும்பம் காட்டவேண்டியது ஒன்றே: இறப்பு சாக்கடைக்குள் நேர்ந்தது என்பது. முதல் தகவல் அறிக்கையில் அது எப்படி எழுதப்படுகிறது, உடற்கூறாய்வுச் சான்று எதைக் காரணமாகச் சொல்கிறது, ஒப்பந்ததாரர் அவரைத் தம் ஆள் என்று ஒப்புகிறாரா, உள்ளாட்சி அமைப்பு அந்தக் குழியைத் தன்னுடையது என்று ஏற்கிறதா என்பவற்றைப் பொறுத்தே பட்டியலில் அவர் பெயர் ஏறும். பெயர் ஏறாதவரின் மனைவிக்கு மிஞ்சுவது 1855-இன் சட்டமே: உரிமையியல் நீதிமன்றம், இரண்டாண்டுக் கெடு, கணவர் மாதம் எவ்வளவு கொண்டுவந்தார் என்ற கேள்வி.